அண்ணி பாடாத வரி

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீங்களும் வயிற்றில் இருக்கும் வாரிசும் எப்படி? டாக்டர் படுத்திருக்கச் சொன்னால் படுத்திருக்க வேண்டும். நாற்காலி மேல் ஏறி ஜன்னல் துடைத்தீர்களாமே, அண்ணன் எழுதியிருந்தார். உங்களைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போடும்படி அவருக்குப் பதில் போட்டிருக்கிறேன்.

நீங்கள் கட்டிய பாட்டைப் பதிவு செய்துவிட்டோம். அதில் ஒரு தப்பு நடந்துவிட்டது. வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

சுவர் முழுக்கக் கம்பளி ஒட்டிய அறை. எத்தனையோ வருஷம் சூட்டுப் பெட்டியோடு நின்று இஸ்திரி என்றே பேராகிப்போன நம் தோழி அந்த ஏசி குளிரில் வெடவெடத்துப்போனாள். ஓயாமல் பேசுகிறாள் என்று நாம் ரேடியோ என்று பேர் வைத்தவளின் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்தில் நாம் நாலு பேரும் விரிப்பு மடிக்கும்போது நிற்கிற மாதிரியே, ஒருவரையொருவர் பார்த்தபடி அவரவர் முனையில் நின்றோம். உங்கள் முனை காலியாக இருந்தது.

"போனவன் வந்து கதவைத் தட்டினா, பொண்ணே நீ என்ன சொல்லுவே?" என்று மூன்று பேரும் கேட்டோம். அடுத்தது உங்கள் வரி: "யாருன்னு கேப்பேன், தெரிஞ்சேதான் கேப்பேன்." அதை இந்த முறை நான் பாடுவதாகத்தான் பேச்சு. வாயைத் திறந்தேன், வரவில்லை. இஸ்திரி ரேடியோவைப் பார்க்கிறாள், ரேடியோ என்னைப் பார்க்கிறாள். அடுத்தவள் முனையைத் தொடாதே, தொட்டால் துணி முறுக்கிக்கொள்ளும் என்று வேலைக்கு வந்த முதல் நாளே என் புறங்கையில் ஒன்று வைத்தீர்களே, அந்தப் பழக்கம். கைதட்டு மட்டும் விடாமல் போனது. உங்கள் வரி முழுக்க வெறும் கைதட்டு. அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி "அப்படியே சொல்லு, அப்படியே சொல்லு" என்று மூவரும் சேர்ந்துகொண்டோம். எப்படியே சொல்வது? கேள்வி இருக்கிறது, பதிலைக் காணோம்.

இன்னொரு முறை பாடுகிறோம் என்று கெஞ்சினேன். வெளியே அடுத்த குழு வாத்தியங்களோடு காத்திருந்தது. "இருக்கட்டும்மா, யாரு இவ்வளவு உன்னிப்பா கேக்கப்போறாங்க" என்று இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் விளக்கை அணைத்துவிட்டார்.

'நாலுமுனை' என்று தட்டின் அட்டையில் நம் குழுவுக்குப் பேர் போட்டிருக்கிறார்கள். உங்கள் இடம் உங்களுக்குத்தான் அண்ணி. குழந்தை பிறந்ததும் வந்து சேருங்கள்.

உங்கள்
நாத்தனார்

&nbsp;

ஏப்ரல் 2

என் ஒரே நாத்தனாருக்கு,

ஒரே நாத்தனார் என்பது நான் செய்த புண்ணியம். இன்னொருத்தி இருந்திருந்தால் அவளும் ஒரு வரியை விழுங்கியிருப்பாள்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு உன்னைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்திருப்பேன். மொத்தப் பாட்டும் அந்தப் பதிலுக்காகத்தான் கட்டினேன். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பாடி வைத்திருக்கிறாயே என்று உன் அண்ணனிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டே, தங்கச்சி சின்னப் பெண்தானே என்றார். உனக்கு முப்பது வயது.

நேற்று மாலை வானொலியில் நம் பாட்டைப் போட்டார்கள். இந்தக் குடியிருப்பில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது, எல்லா வீட்டிலும் ஒரே நிகழ்ச்சி. படுத்துக்கொண்டே கேட்டேன். என் வரி வந்தது. கைதட்டு மட்டும் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போது மாடி வீட்டிலிருந்து கண்டக்டரின் மனைவி, தாளம் தப்பாமல், "சாவி எங்கேன்னு கேப்பேன்" என்றாள். அந்த மனிதர் வாரத்துக்கு ஒரு சாவி தொலைக்கிறவர். உடனே கீழ் வீட்டு டைப்பிஸ்ட் பெண், கல்யாணமே வேண்டாம் என்கிறவள், "வேற வீட்டப் பாருன்னு சொல்லுவேன்" என்று குரல் கொடுத்தாள். அப்புறம் நீங்கள் மூவரும் "அப்படியே சொல்லு" என்றதும் குடியிருப்பே சிரித்தது. சிரித்த சிரிப்பில் உள்ளே இருப்பது என்னை உதைத்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இருந்தாலும் விழுந்தது நல்ல பழம். உன்னை மன்னித்தேன் என்று நினைக்காதே. ஒத்திவைத்திருக்கிறேன்.

அண்ணி

&nbsp;

மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

பெண் குழந்தை என்று தந்தி பார்த்ததும் இஸ்திரி தெருவில் நின்று எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். மூக்கு யார் மாதிரி? அண்ணன் மூக்கு என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

அண்ணி, எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிற ஊரெல்லாம் அரங்கம் நிறைகிறது. நாங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறோம், ஊர் பதில் சொல்கிறது. துறைமுகத்து ஊரில் ஆண்கள் எல்லாரும் "காலக் கழுவிட்டு வான்னு சொல்லுவேன்" என்கிறார்கள். மில் தொழிலாளர்கள், "ஷிஃப்டு முடிஞ்சு வரேன்னு சொல்லுவேன்." ஒரு பெண்கள் கல்லூரியில் அவர்கள் சொன்ன பதிலைக் கடிதத்தில் எழுத முடியாது, முதல்வரம்மா எழுந்தே போய்விட்டார்.

போன வாரம் ஓர் அரங்கில் எல்லாரும் கத்தி முடித்த பிறகு, பின்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் தாளத்துக்குப் பிந்தி, "சாப்பிட்டியான்னு கேப்பேன்" என்றார். அவருக்கு யார் போனார்களோ தெரியாது. பக்கத்தில் இருந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ரேடியோ அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசவே இல்லை, அதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கே போனாலும் நாலாவது மைக் வைக்கச் சொல்கிறேன். ஆள் இல்லாத மைக் எதற்கு என்று கேட்பவர்களிடம், ஆள் இருக்காங்க, பாப்பாவுக்குப் பால் கொடுத்துட்டிருக்காங்க என்று சொல்கிறேன்.

உங்கள்
நாத்தனார்

&nbsp;

ஜூலை 8

அன்பு நாத்தனாருக்கு,

மூக்கு உன் அண்ணனுடையதுதான். தேற்றிக்கொள். குரல் என்னுடையது, மாடி வீட்டார் சாட்சி.

பத்திரிகையில் உங்கள் படம் பார்த்தேன். மூன்று பேரும் முன்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எதிரும் புதிருமாக நின்று பாடும் பெண்களை யார் இப்படி வரிசையில் நிறுத்தியது? கீழே 'நாலுமுனை மூவர்' என்று போட்டிருக்கிறான். கணக்குத் தெரியாதவன் பத்திரிகை நடத்துகிறான். உன் அண்ணன் அதை வெட்டிக் கண்ணாடியில் செருகியிருக்கிறார். முகம் பார்க்கும்போதெல்லாம் என் முகத்துக்குப் பக்கத்தில் உங்கள் மூன்று பேர் முகம்.

சமையலறையில் குரல் போட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் கனத்திருக்கிறது, கெட்டுப்போகவில்லை. டாக்டரும் இனிப் பயணம் செய்யலாம் என்றுவிட்டார். மழைக்காலம் முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஊர் சொன்ன பதில்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று எனக்கல்லவா தெரியும். அதை நான் ஒரு தடவையாவது மேடையில் நின்று பாட வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

கம்பெனிக்காரரிடம் சொல்லி வை.

அண்ணி

&nbsp;

ஆகஸ்ட் 17

அன்பும் மரியாதையும் மிக்க என் அண்ணிக்கு,

உங்களைப் போல் பாட்டுக் கட்ட இந்த உலகத்தில் ஆள் கிடையாது. கம்பெனிக்காரரும் அதையேதான் சொல்கிறார். அடுத்த இசைத்தட்டுக்கு ஆறு பாட்டு நீங்கள் எழுதிக் கொடுத்தால் அட்டையில் உங்கள் பேரைத் தனியாகப் போடுகிறாராம். வீட்டில் இருந்தபடியே எழுதலாம், குழந்தைக்கும் அலைச்சல் இல்லை.

நான் சுற்றி வளைக்கிறேன் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருவதைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்னது இதுதான்: "உங்க அண்ணி பாடினா அது பாட்டு. பாடலைன்னாதான்மா வியாபாரம்." அந்த வரியை ஒருத்தி பாடிவிட்டால் ஊருக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விடுமாம். வேறு பாட்டில் வேண்டுமானால் நீங்கள் நிற்கலாம், இந்தப் பாட்டு வரும்போது இறங்கிக்கொள்ள வேண்டுமாம்.

நான் சண்டை போட்டேன். முழுவதுமாகப் போட்டேனா என்று கேட்டால், பாதி தூரம் போட்டேன். இஸ்திரியின் பையன்கள் இப்போதுதான் நல்ல பள்ளிக்குப் போகிறார்கள். ரேடியோ வாடகை வீட்டிலிருந்து நல்ல வீட்டுக்கு மாறியிருக்கிறாள். என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்.

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

உங்கள் அன்பு
நாத்தனார்

&nbsp;

செப்டம்பர் 3

மதிப்பிற்குரிய பாடகி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் வாயைத் திறக்காமல் இருப்பதைக் கேட்க ஊர் ஊராக டிக்கெட் வாங்குகிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. தங்கள் அண்ணன் கல்யாணமான நாளிலிருந்து அதற்காகத்தான் காத்திருக்கிறார், அவருக்கு இலவசமாகக்கூட அது கிடைக்கவில்லை.

பாட்டு எழுதித் தருவதற்கில்லை. திங்கட்கிழமையிலிருந்து சலவைக்கூடத்துக்குத் திரும்புகிறேன். குழந்தை நலம்.

இப்படிக்கு,
காலி இடம்

&nbsp;

ஜனவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

இது நான் போடும் மூன்றாவது கடிதம். முன்னே போட்ட இரண்டுக்கும் பதில் இல்லை. அண்ணன் மட்டும் 'அனைவரும் நலம்' என்று ஒரு கார்டு போட்டிருந்தார். அது அவர் கையெழுத்து, ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்று எழுதவிடாமல் செய்தது எல்லாம் அதில் தெரிகிறது.

பதில் போடாவிட்டாலும் இதைக் கேளுங்கள். நேற்று மைதானத்தில் பாடினோம். எங்கே பார்த்தாலும் தலை. மழை பிடித்துக்கொண்டது, ஒருவர்கூட நகரவில்லை, தலைக்கு மேல் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். கேள்வியைக் கேட்டோம். அத்தனை பேரும் அவரவர் பதிலை ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. மேடைப் பலகை என் காலுக்குக் கீழே அதிர்ந்தது. சலவைக்கூடத்தில் தண்ணீர் சொட்டும் கையோடு நீங்கள் கட்டிய பாட்டு அண்ணி அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இஸ்திரி உங்கள் மைக் பக்கம் திரும்பி நின்றுதான் கடைசிவரை பாடினாள்.

ஆனால் கம்பெனிக்காரருக்குத் திருப்தி இல்லை. ஒன்றும் புரியாமல் சத்தமாகப் போகிறதாம், டிவியில் நன்றாக வராதாம். இனிமேல் ஒரே பதிலை டிக்கெட்டின் பின்னால் அச்சடித்துக் கொடுக்கப்போகிறார். "வருவாய் என்றே காத்திருந்தேன்." இதுதான் அந்தப் பதில். அவருடைய மைத்துனர் எழுதியது. கூட்டம் ஒன்றாகப் பாடாவிட்டால் போட, அதை ஆள் வைத்துப் பாடவைத்து டேப்பிலும் பிடித்துவிட்டார்கள். கதவைத் தட்டினால் காத்திருந்தேன் என்று சொல்கிறவளா நம் பெண்? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திட்டியாவது எழுதுங்கள்.

நாத்தனார்

&nbsp;

செப்டம்பர் 26

அண்ணிக்கு,

உங்கள் குழந்தை நடக்கிறாளாம், அண்ணன் கார்டு வந்தது. நாங்கள் இப்போது உட்கார்ந்துவிட்டோம்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். மைதானம் போய் அரங்கம், அரங்கம் போய்க் கல்யாண மண்டபம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்காலி மேஜைக் கண்காட்சியில் பாடினோம். விற்பனைக்கு வைத்த சோபாக்களில் ஜனங்கள் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வியைக் கேட்டோம். பெட்டியிலிருந்து டேப் மட்டும் "காத்திருந்தேன்" என்று ஆயிரம் பேர் குரலில் அழுதது. எதிரே இருந்த நாற்பது பேரில் ஒருவர் வாயும் அசையவில்லை. சொந்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கையில் அச்சடித்துக் கொடுத்தால், பிறகு எதற்கு வருவார்கள்?

நான் போய் டேப்பின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அப்புறம் கைதட்டு மட்டும். உங்கள் வரி முழுக்க ஒரு மனிதர் சாய்வு நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்த சத்தம்தான் கேட்டது. ரேடியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. மேடையிலேயே மூவரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்த மாதிரி இருந்தது.

ஒப்பந்தத்தில் இன்னும் ஒரே ஒரு நிகழ்ச்சிதான் பாக்கி. நவம்பர் முதல் சனிக்கிழமை மாலை. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தூரத்தில் ஒரு சின்னத் தியேட்டர்.

வாங்க அண்ணி. கூட்டம் போன பிறகு கூப்பிடுகிறாள் என்று நினைப்பீர்கள். ஆமாம், போன பிறகுதான் கூப்பிடுகிறேன். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பது இப்போதுதான் வாய்த்திருக்கிறது. வராவிட்டால் நாங்கள் மூவரும் பாடிவிட்டு, அந்த வரியில் சும்மா நின்றுவிட்டு, முடித்துக்கொள்வோம். உங்கள் வரியை வேறு யாரும் பாட மாட்டோம்.

நாத்தனார்

&nbsp;

அக்டோபர் 5

யாரது?

தெரிந்தேதான் கேட்கிறேன்.

ஒயரைப் பிடுங்கினாய் பார், அந்த இடத்தில் உன்னை மன்னித்தேன். உன் அண்ணனிடம் அதை மட்டும் நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கடிதம் போடாமல் இருந்தது எனக்கும் லேசாக இல்லை. தினமும் தபால்காரர் வரும் நேரம் பார்த்துத்தான் வாசல் கூட்டினேன். கேட்டால் இல்லை என்பேன்.

வருகிறேன். ஆனால் சில விஷயம். வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நான் நிற்க மாட்டேன். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் நிற்க வேண்டும், முதுகு தெரிந்தால் ஜனங்கள் முதுகைப் பார்க்கட்டும். ரேடியோ என் காதில் எதுவும் சொல்லக் கூடாது. குழந்தையை உன் அண்ணன் மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார், அவருக்கு ஓரத்தில் ஓர் இடம் பிடித்து வை. தூங்கிவிட்டால் யாரும் எழுப்ப வேண்டாம், குழந்தையைச் சொல்லவில்லை.

பயமாக இருக்கிறதா என்று கேட்காதே. இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கும் சொந்தமாக ஒரு பதில் இருக்கும். நான் வாயைத் திறக்கும்போது அவர்கள் அதைக் கத்தினால் கத்தட்டும். நான் பாடாமல் விடமாட்டேன்.

உன்
அண்ணி

&nbsp;

நவம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நிகழ்ச்சி முடிந்த கையோடு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டீர்கள், உங்களிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பஸ்ஸில் அண்ணன் தூங்கியிருப்பார். நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு கம்பெனிக்காரர் உள்ளே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இதை முதல்லயே பண்ணியிருக்கலாமேம்மா" என்றார். இஸ்திரி தன் செருப்பை ஒரு பார்வை பார்த்தாள், அவர் புரிந்துகொண்டு வெளியே போய்விட்டார். திங்கட்கிழமை ஒப்பந்தம் முடிந்ததாகக் கடிதம் வந்தது. அவ்வளவுதான், நாலுமுனை முடிந்தது. அழலாம் என்று உட்கார்ந்தோம், வரவில்லை. வீடு நிறைய விருந்தாளி வந்துபோன மாதிரி இருந்தது மனசு.

இஸ்திரி சொந்தக் கடை போடுகிறாள். ரேடியோவுக்குப் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது, இனி எந்தப் பஸ்ஸும் நேரத்துக்குக் கிளம்பாது. நான் சலவைக்கூடத்துக்கே திரும்பி வருகிறேன். உங்கள் சூப்பர்வைசர் என்னை மறுபடி எடுப்பாரா என்று கேட்டு வையுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். கேள்வியைக் கேட்டு முடித்தோம், கைதட்டு போகிறது, நீங்கள் மூச்சு இழுத்தீர்கள். அப்புறம் எனக்கு வேறு எதுவும் தெரியாது. சபைக்கு முதுகு காட்டி நின்றேன், உங்கள் முகத்தை மட்டும் பார்த்தேன், உங்கள் குரலைத் தவிர ஒன்றும் காதில் விழவில்லை. உங்கள் குரல் எவ்வளவு கீழே இறங்கி வருகிறது அண்ணி, நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் வரியைத் தொடங்க மறக்காமல் இருந்ததே பெரிய விஷயம். அந்த நேரத்தில் ஜனங்கள் என்ன செய்தார்கள்? உங்களோடு சேர்ந்து பாடினார்களா, அவரவர் பதிலைச் சொன்னார்களா? இஸ்திரிக்கும் தெரியவில்லை, ரேடியோவுக்கும் தெரியவில்லை. நீங்களோ கண்ணை மூடிக்கொண்டு பாடினீர்கள். முன்வரிசையில் இருந்தவர் அண்ணன்தான். அவரைக் கேட்டு எழுதுங்கள்.

உங்கள்
நாத்தனார்

&nbsp;

நவம்பர் 14

அன்பு நாத்தனாருக்கு,

சூப்பர்வைசர் உன்னை எடுத்துக்கொள்கிறாராம். பாடினால் கூலி ஏறாது, பாடாவிட்டால் குறையாது என்று சொல்லச் சொன்னார். திங்கட்கிழமை வந்துவிடு. குழந்தைக்கு அத்தை என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன், வீட்டு ரேடியோப் பெட்டியைப் பார்த்துத்தான் சொல்கிறாள்.

நீ கேட்டதை உன் அண்ணனிடம் கேட்டேன். மனிதர் தூங்கவில்லை, அன்று பஸ்ஸிலும் தூங்கவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். விடாமல் கேட்டேன்.

"உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லல" என்றார். "நீ பாடினப்ப ஒருத்தர்கூடச் சேந்து பாடல. பக்கத்துல ஒருத்தர் என்னமோ சொல்ல வாயத் திறந்தார், அவரும் மூடிக்கிட்டார். பாப்பாகூடச் சத்தம் போடல. அந்தத் தியேட்டர் முழுக்க ஒரு சத்தம் இல்ல. உனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே வரல."

அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவங்க கேட்டுக்கிட்டு இருந்தாங்க" என்றேன்.

அவருக்கு இன்னும் சந்தேகம்தான்.

உன்
அண்ணி